பழைய பிக்கப்புக்கு ஷாக் அப்சார்பரா, ஸ்டீயரிங் ஸ்டெபிலைசரா? ஊருக்குப் பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நீங்க சென்னையிலயோ பெங்களூருலயோ சம்பளத்துக்கு வேலை பாக்குறீங்க. ஊர்ல அப்பாவோ அண்ணனோ 10 வருஷம் ஓடின ஒரு பிக்கப்பை வெச்சு லோடு அடிக்கிறாங்க. திண்டிவனம் பக்கம் தர்பூசணி, மரக்காணத்துல இருந்து உப்பு, சீசனுக்குச் சவுக்குக் கட்டை. திடீர்னு ஒரு நாள் போன் வருது: "வண்டி ரொம்ப ஆடுதுப்பா, ஸ்டீயரிங் கையில நிக்கல. ஷாக்ஸ் மாத்தணுமாம், ஸ்டெபிலைசரும் போடணுமாம். 20,000 ஆகும்கிறாங்க." நீங்களும் உடனே ஜிபேயைத் திறக்கிறீங்க.

கொஞ்சம் நிறுத்துங்க. பணம் அனுப்பவே வேண்டாம்னு நான் சொல்லல. எதுக்கு முதல்ல அனுப்பணும், எதுக்குக் கடைசியா அனுப்பணும்கிறதுதான் கேள்வி. என் கருத்தை இப்பவே சொல்லிடுறேன்: ஷாக் அப்சார்பர் பராமரிப்புச் செலவு, நேரம் வந்தா தயங்காம மாத்துங்க. ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் அப்படி இல்ல. ஆட்டத்துக்கான காரணத்தைக் கண்டுபிடிக்காம அதுக்கு ஒரு ரூபாய்கூட செலவு பண்ணாதீங்க.

ரெண்டும் செய்யுற வேலை வேற

வண்டியில ஏத்துற எடையைத் தாங்குறது லீஃப் ஸ்பிரிங் பட்டைங்க. பள்ளத்துல இறங்கினதும் அந்த ஸ்பிரிங் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக் அப்சார்பரோட வேலை. உள்ள இருக்கிற ஆயில் சின்னச் சின்ன வால்வு வழியா போகும்போது ஆட்டம் வெப்பமா மாறி அடங்குது. அதனால "ஹெவி ஷாக்ஸ் போட்டா இன்னும் 5 மூட்டை ஏத்தலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஷாக்ஸ் மாத்துறதால ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற எடை மாறாது. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆவது பிரிவுப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதோட கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு தடவை மாட்டினா ஷாக்ஸ் காசு மொத்தமா போயிடும்.

ஸ்டெபிலைசர்ங்கிறது படுக்கைவாட்டுல மாட்டுற ஒரு ஷாக் அப்சார்பர் மாதிரி. ஒரு முனை ஸ்டீயரிங் ராடுல, இன்னொரு முனை அச்சுலயோ சேஸிஸ்லயோ இருக்கும். சக்கரம் கல்லுல அடிச்சா அந்த உதறல் கைக்கு வராம தணிக்கும், அவ்வளவுதான். தேஞ்சு போன எதையும் அது சரி பண்ணாது.

ஆட்டம்கிறது ஒரு தகவல்

கிரெடிட் கார்டு பாக்கி ஏறிக்கிட்டே போகுது, அதை அடைக்க பர்சனல் லோன் எடுக்குறீங்க. அந்த மாசம் நிம்மதி. ஆனா செலவுப் பழக்கம் மாறலைன்னா 6 மாசத்துல கார்டும் நிறைஞ்சிருக்கும், லோனும் இருக்கும். காரணம் தெரியாம ஸ்டெபிலைசர் போடுறதும் இதேதான்.

ஸ்டீயரிங் ஆடுதுன்னா டை ராட் எண்ட், கிங் பின் இல்ல பால் ஜாயின்ட், வீல் பேரிங், ஷாக்கிள் புஷ், ஸ்டீயரிங் பாக்ஸ், டயர் பேலன்சிங், இதுல ஏதோ ஒண்ணு உங்ககிட்ட பேசுதுன்னு அர்த்தம். ஸ்டெபிலைசர் அதோட வாயைப் பொத்திடும். தேய்மானம் மட்டும் உள்ளுக்குள்ள தொடரும். ஒரு நாள் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி நாலு வழிச்சாலையில 80 கி.மீ. வேகத்துல, பின்னாடி முழு லோடோட போகும்போது டை ராட் எண்ட் கழண்டுச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல. ஸ்டீயரிங் பிடிச்சிருக்கிறது உங்க அப்பா.

நம்ம பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல் மழையில மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 50 செ.மீ. கொட்டுச்சு. அந்த மாதிரி வெள்ளத்துல அச்சு மூழ்கி நின்ன வண்டியா இருந்தா பேரிங்லயும் ஜாயின்ட்லயும் தண்ணி புகுந்து கிரீஸ் கெட்டிருக்கலாம். உப்பு லோடு அடிக்கிற வண்டியில துரு இன்னும் வேகமா பிடிக்கும்.

முதல் செலவு: சோதனை

மெக்கானிக்கிட்ட இதைக் கேளுங்க. முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு வெச்சு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டச் சொல்லுங்க. ஆடுச்சுன்னா வீல் பேரிங், கிங் பின் அல்லது பால் ஜாயின்ட் பக்கம் சந்தேகம். இடது வலதா பிடிச்சு ஆட்டும்போது மட்டும் ஆடுச்சுன்னா டை ராட் எண்ட் பக்கம். அதுக்கப்புறம் டயர் காத்து, பேலன்சிங், கடைசியா அலைன்மென்ட். தேஞ்சதை மாத்தாம அலைன்மென்ட் பண்றது வீண் செலவு.

ஷாக்ஸ் போயிடுச்சான்னு கண்டுபிடிக்கிறதும் சுலபம். உடம்புல லேசான எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம். ஆயில் வழிஞ்சு சொட்டினா மாத்தணும். டயர் ஒரே சீரா தேயாம திட்டுத் திட்டா தேஞ்சிருந்தாலும், காலி வண்டி பள்ளத்துல இறங்கி ரெண்டு மூணு தடவை குதிச்சாலும் அதேதான்.

மாத்தும்போது ஜோடியா மாத்துங்க. முன்னாடின்னா முன்னாடி ரெண்டும், பின்னாடின்னா பின்னாடி ரெண்டும். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா பிரேக் போடும்போது வண்டி நிலையா நிக்காது. நாலையும் ஒரே நாள்ல மாத்தியே ஆகணும்னு இல்ல. பணம் குறைவுன்னா எந்த ஜோடி மோசமோ அது இந்த மாசம், மத்தது அடுத்த மாசம்.

எந்த ஷாக்ஸ்?

யூடியூப்ல பாத்துட்டு பில்ஸ்டீன், ரஞ்சோ, ஓல்டு மேன் ஈமுன்னு தேடுறவங்க இருக்காங்க. நல்ல பொருள்தான். ஆனா திண்டிவனம் - விழுப்புரம் சுமார் 40 கி.மீ. நெடுஞ்சாலையிலயும் அதுல இருந்து பிரியுற கிராமச் சாலையிலயும் லோடு அடிக்கிற வண்டிக்கு கம்பெனி ஸ்பேர் அல்லது கேப்ரியல், மன்ரோ மாதிரி இங்க சுலபமா கிடைக்கிறதே போதும். மாடல், வருஷம், வீல்பேஸ் மூணையும் சொல்லி பார்ட் நம்பர் பாத்து வாங்குங்க. பழைய வண்டியில போட்ட விலை உயர்ந்த ஷாக்ஸுக்கு, விக்கும்போது யாரும் தனியா காசு தரமாட்டாங்க. 8 வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேற எடுக்கணும். இன்னும் எத்தனை வருஷம் ஓட்டப் போறோம்னு முடிவு பண்ணிட்டு அதுக்கேத்த பொருளை வாங்குங்க.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. உங்க ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே மாத்திக்கோங்க. நாலு ஷாக்ஸ், கூலியோட 12,000 ரூபாய், 60,000 கி.மீ. உழைக்கும்னு வெச்சுக்கிட்டா கி.மீ.க்கு 20 பைசா. 28,000 ரூபாய் டயர் செட் ஒழுங்கா 40,000 கி.மீ. ஓடினா கி.மீ.க்கு 70 பைசா. ஷாக்ஸ் செத்துப்போய் அதே டயர் 25,000 கி.மீ.ல முடிஞ்சா 1 ரூபாய் 12 பைசா. 20 பைசாவை மிச்சம் பிடிக்கப் போய் 42 பைசா இழக்கிறோம். அதனாலதான் ஷாக்ஸை நான் செலவுன்னு பாக்குறதில்ல.

பில் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்துல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரிக்கு முந்தைய விலை 1,000 ரூபாய்னா முன்னாடி 1,280, இப்போ 1,180. பில்லுல எந்த விகிதம் போட்டிருக்காங்கன்னு பாருங்க. வாரன்டி கேக்கவும் அந்த பில் வேணும்.

அப்போ ஸ்டெபிலைசர் யாருக்கு?

வண்டியோட கம்பெனியில இருந்தே வந்திருந்து, இப்போ அது ஆயில் கசிஞ்சு செத்திருந்தா மாத்துங்க. அதுல தப்பே இல்ல. அமெரிக்காவுல ஜீப் ராங்ளர் ஸ்டீயரிங் உதறல் புகாருக்கு 2019-ல அந்த நிறுவனமே புது டேம்பர் மாத்திக் கொடுத்துச்சு. முன்பக்கம் ஒரே நீள அச்சு இருக்கிற, பெரிய டயர் போட்ட, கரடுமுரடான பாதையில ஓடுற வண்டிக்கும் அது உதவும்.

உங்க பிக்கப்புல ஆரம்பத்துல இருந்தே இல்லைன்னா ஒரு கேள்வி கேளுங்க: 10 வருஷமா இது இல்லாமத்தானே நேரா ஓடுச்சு, இப்போ என்ன மாறிடுச்சு? அந்த மாறுதலைச் சரி பண்ணுங்க. எல்லா ஜாயின்ட்டும் சரி, ஷாக்ஸ் சரி, டயர் சரி, அப்பவும் கை வலிக்குதுன்னா போடுங்க. போட்டதும் ஸ்டீயரிங் ரெண்டு பக்கமும் முழுசா திரும்புதான்னு பாருங்க. நீளம் பொருந்தாத ஸ்டெபிலைசர் முழுத் திருப்பத்தைத் தடுக்கும்.

பணம் எங்க இருந்து?

கிரெடிட் கார்டுல 20,000 தேய்ச்சுட்டு பாக்கி வெச்சா, மாசம் 3.5 சதவீத வட்டின்னு வெச்சுக்கிட்டாலும் 700 ரூபாய், அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 126. மாசம் 826 ரூபாய் சும்மா போகும். இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமான்னா முடியாது, தேய்மானம் பாலிசியில வராது. உங்க சம்பள ஐ.டி.ஆர்.லயும் அப்பா வண்டிச் செலவைக் கழிக்க முடியாது. அப்பா 44ஏஇ முறையில வாடகை வருமானம் காட்டுறவர்னா, இந்த ரக வண்டிக்கு மாசம் 7,500 ரூபாய்ங்கிற அனுமான வருமானத்துலயே எல்லாச் செலவும் அடக்கம். ரிப்பேர் பில்லைத் தனியா கழிக்க முடியாது. ஆக வரிச்சலுகைன்னு எதுவும் கைகொடுக்காது.

வழி ஒண்ணுதான். வண்டி ஓடுற ஒவ்வொரு கி.மீ.க்கும் 50 பைசா எடுத்து வைங்க. மாசம் 2,500 கி.மீ. ஓடினா 1,250 ரூபாய், வருஷத்துக்கு 15,000. அப்பா பேர்ல ஒரு ஆர்.டி. போதும். அதுல பாதி நீங்க போடுங்க, பாதி வண்டி வருமானத்துல இருந்து வரட்டும். அப்போதான் வண்டி உண்மையிலேயே சம்பாதிக்குதா, இல்ல உங்க சம்பளத்துல ஓடுதான்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்பாகிட்ட இதைப் பேச சங்கடமா இருக்கும். பரவாயில்ல, பேசுங்க.

இன்னைக்குச் செய்ய வேண்டியது: பணம் அனுப்புறதுக்கு முன்னாடி நாலு ஷாக்ஸ், நாலு டயர் போட்டோவும், முன் சக்கரத்தை ஆட்டிப் பாக்குற 10 வினாடி வீடியோவும் வாட்ஸ்அப்ல கேளுங்க. டை ராட் எண்ட்லயோ கிங் பின்லயோ ஆட்டம் தெரிஞ்சா அதுக்கான பணத்தை இன்னைக்கே அனுப்புங்க. அதை மாத்துற வரைக்கும் லோடு ஏத்த வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிடுங்க.