ஒரு விகுதி மாறினால்



கார்த்திகைத் தீபத்திற்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்த ஒரு மாலையில், ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். 1971 போரில் பணியாற்றியவர். தம்பியோடு நான்கு ஆண்டுகளாகப் பேச்சில்லை. தம்பி மகளின் திருமணத்தன்று பந்திக்கு இலை போட நேரமாயிற்றாம். "நான் மாப்பிள்ளை வீட்டானாய் இருந்தால் இந்நேரம் எழுந்து போயிருப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அச்சொல் தம்பியின் காதுக்குப் போய்ச் சேருமுன் சிரிப்பு வழியில் உதிர்ந்துவிட்டது. சம்பந்தத்தைக் கலைக்கப் பார்த்தார் என்றாகிவிட்டது. நானும் அன்று விசாரியாமலேயே அவரைக் கடிந்துகொண்டேன்.

"சாமி, எங்கள் மானெக்சாவுக்கே அந்தக் கதி. நான் எம்மாத்திரம்?" என்றார்.

உண்மைதான். மானெக்சா முதலில் சேர்ந்திருந்த படைப்பிரிவு 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயிற்று; அவர் இந்தியாவிலேயே தங்கினார். 1971 டிசம்பர் 16-இல் கிழக்குப் பாகிஸ்தானில் எதிர்ப்படை சரணடைந்து, ஏறத்தாழ 93,000 பேர் கைதானபோது, நம் தரைப்படைத் தளபதி அவரே. 1973 ஜனவரியில் பீல்டு மார்ஷல் ஆனார். அதன்பின் ஒரு பேட்டியில், பிரிவினையின்போது பாகிஸ்தானைத் தேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்டார்கள். அப்படியானால் அவர்கள் வென்றிருப்பார்கள் என்று விளையாட்டாய்ச் சொல்லிவைத்தார். கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் தூக்கிக்கொண்டு ஏசினார்கள்.

அவருக்கு அது புதிதன்று. நம் நீலகிரியில், வெலிங்டன் படை அதிகாரிகள் கல்லூரித் தலைவராய் இருந்தபோதே, அவர் வாய்விட்டுப் பேசியவற்றைக் கோத்து, தேசப்பற்றில்லாதவர் என விசாரணை வைத்தார்கள். குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. 1962 சீனப் போரில் நம் படை பின்னடைந்தபின் அவரையே தேஸ்பூருக்கு அனுப்பினார்கள். எழுத்தாணையின்றி எவரும் பின்வாங்கலாகாது, அந்த ஆணையும் ஒருநாளும் பிறக்காது என்று அங்கே கட்டளையிட்டார். நாவடக்கம் அவரிடம் குறைவுதான், நான் மறுக்கவில்லை. 2008-இல் அதே வெலிங்டனில் கண்மூடினார்.

நம் ஆண்டவருக்கும் இது நேர்ந்ததே! இந்தக் கோவிலை நீங்கள் இடித்தாலும் மூன்று நாளில் எழுப்புவேன் என்றார். தம் உடலைக் குறித்தார் (யோவான் 2:19-21). தலைமைக்குருவின் முன் நின்ற சாட்சிகளோ, தாமே இடிப்பதாகச் சொன்னார் என்றார்கள் (மாற்கு 14:58). முன்னிலை தன்மையாயிற்று; ஒரு விகுதிதான்.

மறுவாரம் தம்பியின் வீட்டிற்குச் சென்றேன். அண்ணன் சொன்னதைக் கேட்டேன். எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். அதற்கு முன் என்ன நடந்தது என்றேன். நெடுநேரம் பேசவில்லை.

"பந்தி தாமதமாயிற்று, சாமி" என்றார். பிறகு, கிறிஸ்து பிறப்புக்கு அண்ணன் ஊரில்தான் இருப்பாரா என்று கேட்டார்.