கனமான ஸ்டியரிங் வேறு, பேசுகிற ஸ்டியரிங் வேறு

பழைய காரின் பவர் ஸ்டியரிங் பம்பைக் கழற்றிப் போட்டால் அது ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி ஓடும் என்று யாராவது சொன்னால், சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள் மக்களே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே புனேயில் ஒரு காரேஜில் போன மாதம் எனக்கே இந்த உபதேசம் நடந்தது. "சார், பம்பை எடுத்துடலாம், சின்ன ஸ்டியரிங் வீல் போட்டுடலாம், அகல டயர் மாட்டிடலாம், ரோடு அப்படியே கைக்கு வரும்" என்றார்கள். ரோடு வராது. தோள்வலிதான் வரும் :-)

என்னிடம் இருப்பது ஃபோர்டு ஐகான் 1.6. நம்ம மறைமலை நகரில் செய்த வண்டி. 1999-ல் வந்தபோது இந்தியாவில் சாமானியன் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்த மாதிரி நாலு கதவு வண்டிகள்தான். அதன் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கைப் புகழாத ஆள் கிடையாது. இருபது வருடம் ஓடியபின் அதே ஸ்டியரிங் "செத்துப்போச்சு" என்கிறார்கள். செத்தது ஸ்டியரிங் இல்லை சாமி, அதைச் சுற்றியுள்ள ரப்பர்!

கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். வண்டி திரும்பும்போது டயர் தரையில் பக்கவாட்டில் இழுபடுகிறது. அந்த விசை சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. அது டை ராட் வழியாக ராக்குக்கும், ராக்கிலிருந்து காலம் வழியாக உங்கள் கைக்கும் வருகிறது. டயர் பிடி தளர ஆரம்பித்தால் அந்த இழுப்பு குறையும். வண்டி வழுக்குவதற்கு முன்பே கைக்குத் தெரியும். ஃபீட்பேக் என்பது இவ்வளவுதான்.

பவர் ஸ்டியரிங் நடுவில் என்ன செய்கிறது? ராக்கின் தலையில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பும்போது அது லேசாக முறுக்கிக்கொள்ளும், முறுக்கின அளவுக்கு வால்வு திறந்து ஆயில் அழுத்தம் உதவிக்கு வரும். பம்பைக் கழற்றினாலும் அந்தக் கம்பியின் முறுக்கல் அங்கேயேதான் இருக்கும். ராக்குக்குள் இருக்கும் பிஸ்டன் சீல் சும்மா உரசிக்கொண்டே இருக்கும். ஆக, கனம் கூடுகிறது, தகவல் கூடவில்லை. இதைத்தான் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறார்கள்.

"மாஸ்டா எம்.எக்ஸ்-5-ல செய்றாங்களே" என்பார்கள். செய்கிறார்கள், உண்மைதான். 1989-ல் வந்த அந்த வண்டி ஆயிரம் கிலோவுக்குப் பக்கம், பின்சக்கர ஓட்டம், எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதி. அங்கேயும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் ராக்கை வெளியே எடுத்து, பிஸ்டன் சீலை நீக்கி, அந்த முறுக்கலை வெல்டிங் வைத்து அடைக்கிறார்கள். அதே வண்டிக்குப் பவர் இல்லாத ராக்கும் கம்பெனியே கொடுத்தது. அதன் பல் விகிதம் வேறு, கூடுதலாகச் சுற்ற வேண்டும். நம் ஐகானில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஓட்டம் எல்லாம் முன்சக்கரத்தின் தலையில். பவருக்காகச் செய்த ராக்கை உதவியில்லாமல் திருப்பு என்றால் என்ன அர்த்தம்? வீட்டில் மனைவி ஓட்ட வேண்டாமா? அறுபத்தெட்டு வயது அப்பா ஊரிலிருந்து வந்தால் பார்க்கிங்கில் திருப்ப வேண்டாமா? குடும்ப வண்டியை ஒரே ஒரு ஆள் ஓட்டும் வண்டியாக்குவதற்குப் பெயர் முன்னேற்றமா?

இன்னொரு அபத்தம், "ராக்கை டைட் பண்ணித் தரேன்" என்பது. ராக்கைப் பல்லோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங்கும் நட்டும் உண்டு. தேய்ந்த ராக்கில் ஆட்டத்தைக் குறைக்க அளவோடு சரிசெய்யலாம். கனம் வேண்டும் என்று அதை இறுக்கினால், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஸ்டியரிங் சொல்லிக்கொண்டிருந்த ஒரே உண்மையையும் வாயைப் பொத்தி அடக்குகிற வேலை இது.

சரி, என்னதான் செய்வது? செலவு குறைந்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்தப் பஞ்சு வைத்த ரெக்ஸின் ஸ்டியரிங் கவரைக் கழற்றுங்கள். செலவே இல்லை. பாதி ஃபீட்பேக்கை அதுதான் தின்கிறது. அடுத்து டயர் காற்று. பங்க்கில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடிப்பார்கள். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவைச் சொல்லி, டயர் சூடாகும் முன் அடியுங்கள். டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தால் எந்த ஸ்டியரிங்கும் பேசாது.

பிறகு அடியில். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் மவுன்ட். வண்டியைத் தூக்கி, கம்பி வைத்து நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்ததை ஜோடியாக மாற்றுங்கள். அகல டயரும் அலாயும் வாங்கும் காசில் இது எல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும். அதன்பின் அலைன்மென்ட். டோ மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள், காஸ்டர் அளவையும் கேளுங்கள். இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது புஷ் அமுங்கியிருக்கிறது. கடைசியாக, கறுத்துப்போன ஸ்டியரிங் ஆயிலை மாற்றுங்கள், கையேட்டில் சொன்ன வகையை மட்டும். இவ்வளவும் செய்தபிறகும் திருப்தியில்லை என்றால், அப்போது பம்பைப் பற்றிப் பேசுவோம்.

எதற்கு இவ்வளவு கத்துகிறேன்? இது வண்டிப் பைத்தியங்களின் சமாசாரம் இல்லை என்பதால்தான். புனேயிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஜூலை மழையில் சாத்தாரா, கோலாப்பூர் பக்கம் ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். வேகமாகப் போகும்போது டயர் தண்ணீர்மேல் ஏறி மிதந்தால், முதலில் தெரிவது கையில்தான். ஸ்டியரிங் சட்டென்று லேசாகும். அந்த ஒரு நொடியில் பிரேக்கை மிதிக்காமல், திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். தேய்ந்த புஷ்ஷும் இறுக்கிய ராக்கும் அந்தச் செய்தியை உங்களிடம் சேர்க்காது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஃபோர்டு செப்டம்பர் 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இந்த வண்டிகள் இனி வரப்போவதில்லை. புதிய கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக் ஸ்டியரிங்தான். இருக்கிற நல்ல ஹைட்ராலிக் ஸ்டியரிங்கையும் நாமே கெடுத்துவிட்டு "அந்தக் காலம் போச்சு" என்று புலம்புவதில் என்ன நியாயம்?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை, கம்ப்யூட்டர் தட்டுகிறவன். வேலையை உங்கள் மெக்கானிக்தான் செய்ய வேண்டும். என்ன வேலை என்பதை மட்டும் நீங்கள் முடிவு பண்ணுங்கள்.