தட்டான் தாழப் பறந்தால் மல்லாட்டையைப் பிடுங்கலாமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் காட்டில் வானத்துக்கு இரண்டு முகம். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மேல்காற்று புழுதியை வாரி இறைக்கும். மூன்று மணிக்கு மேல் மேற்கே கருக்கல் கட்டும். விளக்கு வைக்கும் நேரத்தில் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். முந்திரித் தோப்பு ஓரத்தில் தட்டான்கள் கூட்டமாகச் சுற்றும். வடக்கிலிருந்து வரும் வாலாட்டிக் குருவிகள் ஏரிக்கரையில் நடமாடத் தொடங்கும். மானாவாரி மல்லாட்டை முற்றி நிற்பதும் இதே சமயத்தில்தான்.

கேள்வி: ‘‘எங்கள் மல்லாட்டை பிடுங்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. ஆள் சொல்லியாகிவிட்டது. ‘தட்டான் தாழப் பறக்குது, பொறுடா’ என்கிறார் அப்பா. கைபேசியில் லேசான மழை என்றுதான் வருகிறது. போன வருஷம் பிடுங்கிப் போட்டது மழையில் நனைந்து, காய் கறுத்து, பாதி விலைக்குத்தான் போனது. யார் பேச்சைக் கேட்பது?’’

- வாசகர், பண்ருட்டி வட்டாரம்.

பதில்: அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் சின்னப் பூச்சிகள் தரையை ஒட்டிப் பறக்கும், அவற்றைப் பிடிக்கத் தட்டானும் இறங்கும் என்பது பெரியவர்கள் கண்டுவைத்த கணக்கு. ஆனால், மழை விட்டுப் பூச்சி பெருகிய மாலையிலும் தட்டான் தாழத்தான் பறக்கும். கூட்டமாகத் தெரியும் மஞ்சள் தட்டானில் ஒரு வகை, மழைக்காற்றோடு ஊர்விட்டு ஊர் போகக்கூடியது. தேங்கிய மழைநீரில் முட்டையிடும். அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா வரை கடல் தாண்டுகிறது என்று 2009-ல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் எழுதினார். ஆக, தட்டான் கூட்டம் மழைக்காலம் நெருங்குவதைச் சொல்லும்; இன்றைக்கு இந்தக் காட்டில் பெய்யுமா என்று சொல்லாது.

கைபேசிக்கும் எல்லை உண்டு. கடலூர்ப் பக்கமிருந்து வரும் கடற்காற்று மேல்காற்றோடு மோதும் இடத்தில் இடிமேகம் எழும்புகிறது. அந்த இடம் நாளுக்கு நாள் மாறும். நெய்வேலியில் கொட்டும் மழை பண்ருட்டியில் தூறலோடு நிற்பது இதனால்தான். மாவட்டம் முழுவதற்கும் சொல்லும் அறிவிப்பில் ஒரு காட்டின் மழையைத் தேட முடியாது.

அதனால் முதலில் காயைக் கேட்க வேண்டும். நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்க்கவும். ஓட்டின் உட்புறம் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. கரும்பழுப்பு ஏறியிருந்தால் முற்றல். நாலில் மூன்று பங்கு முற்றியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் இல்லை. முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் உள்ளேயே முளைவிடும். பிஞ்சு அதிகம் என்றால் அப்பா சொல்வதுபோலப் பொறுக்கலாம்.

முற்றியிருந்தால் மொத்தக் காட்டையும் ஒரே நாளில் பிடுங்கிப் போட வேண்டாம். அன்றன்று ஆய்ந்து முடிக்கும் அளவுக்கு மட்டும் காலையில் பிடுங்கவும். காய் வெயில் பார்க்கும்படி செடியைக் கவிழ்த்து வைக்கவும். மூன்று மணிக்குள் ஆய்ந்து மேட்டுக்கு ஏற்றிவிடவும். தார்ப்பாய் கையோடு இருக்கட்டும். காய் நனைந்துவிட்டால் குவித்து மூடக் கூடாது. கொட்டகையில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். குவியலில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் நச்சு உண்டாகும். அந்தக் காய் மனிதருக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் பார்க்கலாம். மழை குறைந்த இரண்டு மூன்று நாளுக்கு ஆளைச் சொல்வது நல்லது. இடி கேட்டால் காயை விட்டுவிட்டு ஆட்கள் வீடு சேரட்டும். முந்திரி மரத்தடியில் ஒதுங்குவது உயிருக்கே ஆபத்து. மின்னல் எச்சரிக்கைக்குத் தாமினி செயலி இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். 2015 நவம்பரில் பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் ஓடையில் வந்த வெள்ளம் வீட்டையும் ஆளையும் சேர்த்து அடித்துப் போனதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. காய் வீடு வந்ததும் அடுத்த வேலை, காட்டோரத்து ஓடையை அடைத்திருக்கும் முள்ளையும் மண்ணையும் எடுப்பதுதான்.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். தட்டான் தாழ்ந்த நாளையும் மழை பெய்த நாளையும் வீட்டுக் காலண்டரில் அவர் குறித்து வரட்டும். நாலு புரட்டாசி கழிந்தால், தட்டான் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று அந்தக் காட்டுக்கே ஒரு கணக்கு கிடைத்துவிடும்.