ஒரு தொட்டிச் செடிக்குப் பத்தாண்டா?

லாஸ்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ எந்த மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தாலும் குரோ பேக்கில் கத்தரி, பழைய பெயின்ட் வாளியில் கறிவேப்பிலை, விளிம்பு உடைந்த சிமென்ட் தொட்டியில் கற்றாழை. புதுச்சேரிக்காரர்களுக்கு மாடித்தோட்டம் அவ்வளவு பழகிவிட்டது. அந்த வரிசையில் ஒரே ஒரு கஞ்சாச் செடி நின்றால் என்ன ஆகும்? 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, கஞ்சாச் செடியைப் பயிரிட்டவருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்கிறது. எத்தனை செடி என்று அது கேட்பதில்லை. மாடித் தொட்டியா, மலைச்சரிவில் ஏக்கர் கணக்கிலா என்றும் கேட்பதில்லை.

இதே சட்டம், கையில் வைத்திருக்கும் கஞ்சா என்று வரும்போது எடை பார்க்கிறது. 2001-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’. அதற்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’. அங்கே பத்தாண்டுக்குக் குறையாத சிறை. தொள்ளாயிரம் கிராம் பொட்டலத்தோடு பேருந்து நிலையத்தில் பிடிபடுபவருக்கு அதிகபட்சம் ஓராண்டு. ஒரு சாண் உயர நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய மாணவருக்கு அதிகபட்சம் பத்தாண்டு. சாகுபடிக்குக் குறைந்தபட்சத் தண்டனை கிடையாது, நீதிபதி மனம் வைத்தால் குறைக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஓர் இளைஞரின் எதிர்காலம் நீதிபதியின் மனத்தைப் பொறுத்தே அமையும்படி சட்டம் எழுதப்பட்டிருப்பது நியாயமாகாது.

இதைவிடக் கவலை தருவது 39-ஆம் பிரிவும் 64ஏ பிரிவும். போதைக்கு அடிமையானவர் சிறிய அளவோடு பிடிபட்டால், அவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப முதல் பிரிவு இடம் தருகிறது. தாமே முன்வந்து மறுவாழ்வுச் சிகிச்சை பெறுபவருக்கு வழக்கிலிருந்தே விலக்குத் தருகிறது இரண்டாவது. இரண்டுமே போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்கும் ‘சிறிய அளவு’க் குற்றங்களுக்கும் மட்டுமே பொருந்தும். சாகுபடிக்கு அளவே சொல்லாததால், செடி வளர்த்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வியாபாரியிடம் வாங்கிப் புகைப்பவர் மருத்துவரிடம் போகலாம். வியாபாரியை நாடாமல் தொட்டியில் ஒன்று வைத்தவர் சிறைக்குப் போக வேண்டும். சட்டத்தை இயற்றியவர்கள் இப்படி நினைத்திருக்க முடியாது.

வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பது இன்று கற்பனையும் அல்ல. 2023 ஜூனில் கர்நாடகத்தின் சிவமொக்காவில் ஒரு வாடகை வீட்டில் செயற்கை விளக்கும் மின்விசிறியும் பொருத்திச் செடி வளர்த்ததாக மருத்துவ மாணவர்களைப் போலீசார் கைது செய்தனர். கைதானவர்களில் தமிழக இளைஞரும் உண்டு. விற்பனைக்காக நடக்கும் இத்தகைய வளர்ப்பைச் சட்டம் கடுமையாகத்தான் பார்க்க வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

விளக்கும் மின்விசிறியுமாக இத்தனை ஏற்பாடு எதற்கு என்றால், அதற்குப் பயிரியல் காரணம் இருக்கிறது. கஞ்சாச் செடி பொழுதை அளந்து பூக்கும் இனம். இரவு நீளத் தொடங்கியதும் வளர்ச்சியை நிறுத்திப் பூவெடுக்கும். ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருக்கும் புதுச்சேரியில் ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், நெடிய கோடைப் பகலுக்குப் பழகிய வெளிநாட்டு ரகங்கள் இங்கே முழங்கால் உயரம்கூட வராமல் பூத்துவிடக்கூடும். அதனால்தான் அத்தகைய ரகங்களை வளர்ப்பவர்கள் வெயிலைவிட்டு அறைக்குள் போகிறார்கள். மாடியில் வெயிலில் நிற்கும் ஒற்றைச் செடியும், கதவடைத்த அறையில் விளக்கின் கீழ் நிற்கும் முப்பது செடியும் ஒரே குற்றம் அல்ல. பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் தெரியும் வேறுபாடு இது.

ரகங்களைப் பற்றிப் பேசும்போது புதுச்சேரிக்கு ஒரு பழைய தொடர்பும் உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா இங்கே அரசுப் பணியில் இருந்தவர். அவருடைய கிழக்கிந்தியப் பயண நூல் 1782-இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து அவர் கொண்டு சேர்த்த செடியைப் பார்த்துத்தான் தாவரவியலாளர் லமார்க் 1785-இல் ‘கன்னாபிஸ் இண்டிகா’ என்று தனி இனமாக விவரித்தார். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பெயரிட்ட ‘சட்டைவா’ ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடி. இந்தியச் செடியின் பட்டை மெல்லியது, நாருக்கு உதவாது, மயக்கம் தருவதே அதன் இயல்பு என்று லமார்க் குறித்தார். இன்று விதை வியாபாரிகள் ‘இண்டிகா என்றால் உறக்கம், சட்டைவா என்றால் உற்சாகம்’ என்று சொல்லி விற்பதற்கும் அந்தப் பகுப்புக்கும் சம்பந்தமில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளின் மரபணுவைப் பரிசோதித்து 2021-இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, அந்த முத்திரைகள் செடியின் வம்சாவளியோடு பெரிதும் பொருந்தவில்லை என்றே காட்டியது. பெயரை நம்பி வாங்கும் இளைஞருக்குத் தன் கையில் இருப்பது என்னவென்று தெரியாது.

அந்த அறியாமை ஆபத்தானது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் போதையூட்டும் டி.எச்.சி. 1995-இல் சராசரியாக 4 சதவீதம். 2014-இல் 12 சதவீதம். வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு, ஒருபோதும் தொடாதவரைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2019-இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வந்த ஐரோப்பிய ஆய்வு சொன்னது. பதினெட்டு, இருபது வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே ‘மூலிகைதானே’ என்று தோளைத் தட்டும் பேச்சை ஏற்க முடியாது. வளர்ப்பது குற்றமாகவே இருக்கட்டும். எவ்வளவு பெரிய குற்றம் என்பதே கேள்வி.

ஆங்கிலேயர் காலத்தில்கூட இந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார்கள். 1893–94-இல் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையில் நடந்த சாகுபடியையும், வீட்டுக் கொல்லையில் ஓரிரண்டு செடி வைக்கும் வழக்கத்தையும் அது தனித்தனியே பார்த்தது. முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது அதன் முடிவு. அந்த முடிவை இன்று அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அளவைப் பிரித்துப் பார்த்த முறை போதும்.

மற்ற நாடுகள் எண்ணிக்கை வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் காக்க வேண்டும். கனடாவில் ஒரு வீட்டுக்கு நான்கு. ஆனால் கியூபெக் மாகாணம் வீட்டு வளர்ப்பைத் தடை செய்தது, 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தாய்லாந்து 2022-இல் ஒரேயடியாகத் திறந்துவிட்டு, 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது. அந்த அவசரம் நமக்கு வேண்டாம். மறுபக்கம் சிங்கப்பூர்: ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாக 46 வயதுத் தமிழர் ஒருவரை 2023 ஏப்ரலில் தூக்கிலிட்டது. அங்கே உயிரைப் பறித்த எடை, இங்கே ‘சிறிய அளவு’ முடியும் இடத்தை ஒட்டி வருகிறது. எடைக்கு இந்தியா காட்டிய நிதானம் செடிக்கும் வேண்டும்.

எண்ணிக்கை வைத்தால் வீட்டுக்கு வீடு வளர்ப்பார்களே என்று காவல்துறையில் சிலர் அஞ்சலாம். அனுமதி வேறு, தண்டனையை அளவோடு வைப்பது வேறு. ஒரு கிலோ வரை ஓராண்டு என்றிருப்பதால் ஊரெல்லாம் கிலோக் கணக்கில் வாங்கி வைத்துவிடவில்லை. புதுச்சேரிக்கும் தமிழகத்துக்கும் கஞ்சா பெருமளவில் வருவது ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து. தமிழகக் காவல்துறை 2021 இறுதியிலும் 2022-இலும் ‘கஞ்சா வேட்டை’ என்று தனி நடவடிக்கைகளே நடத்தியது. அந்தக் கடத்தல் வலையமைப்பை அறுக்கச் செலவாக வேண்டிய ஆளும் நேரமும் மாடித் தொட்டிக்குப் போகக் கூடாது.

செய்ய வேண்டிய திருத்தம் சிறியது. மூன்று செடி வரை, விற்றதற்கான அடையாளம் எதுவும் இல்லையென்றால், அதைச் ‘சிறிய அளவு’க் குற்றமாகக் கருத வேண்டும், அப்போது 39, 64ஏ பிரிவுகளின் சிகிச்சை வாய்ப்பு தானாகத் திறக்கும். செயற்கை விளக்கில் விற்பனைக்கு வளர்ப்பவர்களுக்குப் பத்தாண்டு அப்படியே இருக்கலாம். சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான். புதுச்சேரிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினரும் மாநிலங்களவையில் ஓர் உறுப்பினரும் இருக்கிறார்கள். இருவரும் வெவ்வேறு கட்சியினராக இருந்தாலும், அடுத்த கூட்டத்தொடரில் 20-ஆம் பிரிவைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுப்பி இதைத் தொடங்கலாம்.