பூனை செத்த வீடும் துக்க வீடுதான்

நம் ஊரில் ஒரு வீட்டில் பூனை செத்துப்போனால், ஆறுதலுக்கு முன்னால் அறிவுரை வந்துவிடும். “பூனைதானே, இதுக்குப் போயா அழுவாங்க?” என்பார் எதிர்வீட்டுக்காரர். “விடுங்க, வேற குட்டி ஒண்ணு தூக்கிட்டு வந்து தர்றேன்” என்பார் நண்பர். “நாயின்னாலும் நன்றியிருக்கும். பூனை, சோறு போடுற வீட்டுல இருக்கும், அவ்வளவுதான்” என்பார் சொந்தக்காரப் பெரியவர். மூவரும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: பூனைக்கும் வீட்டுக்கும் இடையில் உறவு என்று ஒன்றுமில்லை, போனால் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம். இந்த நம்பிக்கை பொய். பொய்யாக மட்டும் இருந்தால் சகித்துக்கொள்ளலாம். வீட்டிலுள்ள குழந்தைகளையும் முதியவர்களையும் அது காயப்படுத்துகிறது. உயிரோடிருக்கிற பூனைகளைச் சாகவும் விடுகிறது. அதனால்தான் இதை எதிர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நன்றியின் கதையைப் பார்ப்போம். பூனைமீது நமக்குள்ள சந்தேகம் மிகப் பழையது. நம் பழமொழிகளில் பூனை ருசி கண்டு திரும்பத் திரும்ப வரும். மதில்மேல் நின்றுகொண்டு எந்தப் பக்கம் குதிக்கும் என்று காட்டாது. பாலுக்குக் காவல் வைத்தால் பால் மிஞ்சாது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி ஒரு பூனையைப் பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்க வைத்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்ய விட்டிருக்கிறான். சுற்றிலும் எலிகள். பொய்த்தவத்துக்கு உருவம் வேண்டுமென்றால் பூனை என்று அன்றைக்கே முடிவு கட்டியாகிவிட்டது.

கதைக்கு அது பொருந்தலாம். சோதித்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் விட்டேல் குழுவினர், 2017இல் வெளியிட்ட ஆய்வில் பூனைகளுக்கு முன்னால் உணவு, பொம்மை, வாசனைப் பொருள், மனிதரின் கொஞ்சல் ஆகிய நான்கையும் வைத்துத் தேர்ந்தெடுக்க விட்டார்கள். பாதிப் பூனைகள் உணவைத் தாண்டி மனிதரிடம் போயின. 2019இல் அதே குழு, கைக்குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பை அறிய உளவியலாளர்கள் கையாளும் முறையைப் பூனைக்குட்டிகளிடம் பொருத்திப் பார்த்தது. பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், மறுபடியும் அவரோடு இரண்டு நிமிடம். ஆள் திரும்பி வந்ததும் பதற்றம் அடங்கி, தைரியமாக அறையைச் சுற்றிப் பார்க்கப் போன குட்டிகள் 64 சதவீதத்துக்குச் சற்று அதிகம். மனிதக் குழந்தைகளிடம் கிடைக்கும் அளவும் ஏறக்குறைய இதேதான். அதே ஆண்டில் ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர், வீட்டுப் பூனை தன் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். வாலாட்டிக்கொண்டு ஓடி வராத ஒரே காரணத்துக்காக அன்பே இல்லை என்று சொல்வது, அதிகம் பேசாத அப்பாவுக்குப் பாசமில்லை என்று சொல்வதைப் போன்ற அவசரத் தீர்ப்பு.

பூனையின் அன்பு நிரூபணமானால்தான் நம் துக்கத்துக்கு அனுமதி என்றும் நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு குடும்பம் எதனால் ஆனது? கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஆல்பத்தில் ஏறிய நாள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி ஆயுள் முழுக்கப் பால் பாக்கெட் வெட்டுவதிலும், துணி மடிப்பதிலும், யார் வந்தார்கள் என்று வாசலை எட்டிப் பார்ப்பதிலும் கழிகிறது. பூனை வாழ்வது இந்த மீதியில்தான்.

எங்கள் வீட்டுச் செல்லி, மகள் பள்ளியில் சேர்ந்த வருஷம் வந்தவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கொல்லையில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்து, சாம்பல் தொட்டு மத்தி ஆய்வார். செல்லி ஒரு முழம் தள்ளி, வாலைக் காலைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாதி மீன் முடியும்வரை அவளுக்குத் திட்டு விழும். அதன்பிறகு தலையும் செவுளும் விழும். எங்களிடம் நேராகச் சொல்ல முடியாத அத்தனையையும் அம்மா அந்த நேரத்தில்தான் சொல்வார். தம்பி வாங்கிய கடன், முழங்கால் வலி, போன தீபாவளிக்கு மனதில் வைத்துக்கொண்ட ஒரு குறை. பேச்சு பூனையிடம், கேட்டுக்கொள்ள வேண்டியது நாங்கள். அப்பாவோடு சண்டை என்றால், “செல்லி, சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லு” என்பார் அம்மா. “பசியில்லைன்னு சொல்லு” என்பார் அப்பா. செல்லி யாரிடமும் எதையும் சொன்னதில்லை. ஆனாலும் ராத்திரிக்குள் சமாதானம் ஆகிவிடும்.

வயதாகி அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. எந்நேரமும் தண்ணீர்ப் பாத்திரத்தின் பக்கத்திலேயே கிடந்தாள். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. கழுத்துத் தோலைத் தூக்கி அதற்கடியில் ஊசி குத்திச் சலைன் ஏற்ற மகள் கற்றுக்கொண்டாள். அப்பா பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். செல்லி போன பிறகும் எங்கள் வீட்டில் மத்தி வாங்குகிறோம். அம்மா பேசாமல் ஆய்கிறார். வேறு குட்டி கொண்டுவந்து தருகிறேன் என்பவர், அந்தப் பேச்சை எங்கிருந்து கொண்டுவருவார்? பதினைந்து வருஷக் குடும்ப வழக்கம் குட்டியோடு சேர்ந்து வராது. ஆசைப்பட்டு இன்னொரு பூனை வளர்ப்பது வேறு; அது நல்லதுதான். செத்ததற்குப் பதில் என்று கொண்டுவந்து வைப்பது, செத்ததையும் வந்ததையும் சேர்த்து அவமதிப்பது.

துக்கத்தை எப்படி ஆற்றுவது என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவு வீட்டில் வருகிற ஒவ்வொருவரும் “எப்படி ஆச்சு?” என்று கேட்பார்கள். வீட்டார் முதலிலிருந்து சொல்வார்கள். ராத்திரி எத்தனை மணிக்கு மூச்சு வாங்கியது, கடைசியாக என்ன சாப்பிட்டார், யார் பெயரைச் சொன்னார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடியும் அதே கதை. சொல்லிச் சொல்லித்தான் நடந்தது மனதில் இறங்குகிறது. பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். பதினாறாம் நாள்வரை ஆள் வரத்து இருக்கும். பூனை செத்த வீட்டில், அந்தக் கேள்வியை ஒருவர்கூட ஒரு முறைகூடக் கேட்பதில்லை. சமூகம் ஏற்க மறுக்கும் துக்கத்தைப் பற்றி 1989இல் புத்தகம் தொகுத்த அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா சொன்னதன் சாரம் இதுதான்: அழுவதற்கு உரிமையில்லை என்று ஆக்கப்பட்டவருக்கு, இழப்போடு தனிமையும் சேர்ந்து சுமையாகிறது. காலையில் பூனையைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, ஒன்பதரைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டவரிடம் தூசி விழுந்துவிட்டது என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களைப் பொய் சொல்ல வைப்பது நாம்தான்.

குழந்தைகளிடம் நாம் செய்வது இதைவிட மோசம். பல குழந்தைகள் வீட்டுக்குள் முதன்முதலில் பார்க்கும் சாவு பூனையின் சாவு. குழந்தை பள்ளி விட்டு வருவதற்குள் பூனையை அப்புறப்படுத்திவிட்டு, “ஓடிப் போயிடுச்சு” என்கிறோம். குழந்தை கொட்டாங்குச்சியில் பாலை வைத்துக்கொண்டு சாயங்காலமெல்லாம் காத்திருக்கும். செத்ததன் வலிக்குப் பயந்து, கைவிடப்பட்ட வலியைக் கொடுக்கிறோம். நான் என்ன செய்தேன், ஏன் என்னை விட்டு ஓடிப்போனது என்ற கேள்விக்கு அந்த வயதில் யாரால் பதில் சொல்ல முடியும்? “செத்துப்போச்சுப்பா, இனிமே வராது, வா, ரெண்டு பேரும் சேர்ந்து புதைப்போம்” என்று சொல்லப்பட்ட குழந்தை ஒரு நாள் முழுக்க அழலாம். ஆனால் சாவு என்றால் என்ன என்பதையும், அழும்போது வீட்டுப் பெரியவர்கள் கூட இருப்பார்கள் என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொள்ளும்.

முதியவர்கள் நிலை இன்னும் கொடுமை. பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருக்க, ஊரில் தனியாக இருக்கும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். தனக்கு மட்டும் என்றால் பழைய சோற்றோடு முடித்துக்கொள்வார். பூனைக்காகக் கருவாடு சுடுவார். அவர் வருகைக்காகக் காத்திருக்கிற ஒரே ஜீவன் அது. அது செத்த அன்று மகனிடம் போனில் சொல்கிறார். “பூனைதானேம்மா” என்று சொல்லிவிட்டு மகன் மாத்திரை சாப்பிட்டாரா என்று விசாரிக்கிறான். அவன் பாசமில்லாதவன் அல்ல. ஆனால் அம்மாவின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இருந்த வாசலையும் அந்த ஒரு வார்த்தையால் சாத்திவிட்டான்.

“மனுஷங்களே தினம் தினம் சாகிறாங்க, பூனைக்கு அழ நேரமா?” என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இரக்கம் ரேஷன் அரிசியா, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைவதற்கு? நாம் போற்றும் அறம் அப்படிக் கணக்குப் பார்த்ததில்லை. மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் முல்லைக்குத் தேர் தந்த பாரியையும் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கிறோம். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. இவர்களைப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே பிள்ளை பூனைக்கு அழுதால் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

பூனைச் சாவுக்குத் துக்கப்படுவது நகரத்துப் பணக்காரர்களின் புதுப் பழக்கம் என்பதும் தவறு. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதக் கல்லறையை ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். 2004இல் அது பற்றி எழுதினார்கள். மனித எலும்புக்கூட்டிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் தள்ளி, ஏறத்தாழ எட்டு மாதப் பூனைக்குட்டி ஒன்று முழுசாக அடக்கம் செய்யப்பட்டிருந்தது. அந்தத் தீவில் பூனை இயல்பாக இருந்ததில்லை. யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும். எகிப்தில் வீட்டுப் பூனை இறந்தால் வீட்டிலுள்ள அனைவரும் புருவத்தை மழித்துக்கொண்டார்கள் என்று கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோடஸ் எழுதிவைத்தார். பூனைக்கு அழுவது மனித குலத்தின் பழைய வழக்கம்.

இனி, இந்த அலட்சியம் செய்யும் கொலைகள். குட்டி போட்டதும் சாக்கில் கட்டி, மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருகிறோம். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் போட வேண்டிய தடுப்பூசியைப் போடுவதில்லை. வாந்தியும் பேதியுமாகக் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் பார்வோ வகை வைரஸ், வீட்டுத் தரையில் ஓராண்டுவரைகூட உயிர்ப்போடு இருக்கும். காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்கிறார்கள். ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். மருமகள் கர்ப்பம் என்றால் மறுநாளே பூனை வெளியே. டாக்ஸோபிளாஸ்மா கிருமி பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் பூனையின் மலத்தில் வரும் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும்; வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்து, கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் அந்த ஆபத்து பெருமளவு விலகும். மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை. சாக்கு எடுக்க நேரமிருக்கிறது. எல்லாவற்றுக்கும் காரணம், பூனைதானே.

சட்டமும் நெடுங்காலம் இப்படித்தான் பேசியது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 428ஆம் பிரிவு, கொல்லப்பட்ட விலங்கு பத்து ரூபாயாவது பெறுமா என்று கேட்டது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் அந்த விலைக் கேள்வி இல்லை. தீங்கிழைக்கும் நோக்கில் எந்த விலங்கைக் கொன்றாலும் ஐந்தாண்டுவரை சிறைக்கு இடமுண்டு. சட்டப் புத்தகமே கைவிட்ட கணக்கை நாம் மட்டும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை தெரிந்தவர் வீட்டில் பூனை இறந்தால் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். “எப்படி ஆச்சு?” என்று கேளுங்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் முதலிலிருந்து சொல்லும்போது இடையில் புகுந்து அறிவுரை சொல்லாதீர்கள். உங்களிடம் வேலை செய்பவர் ஒரு நாள் விடுப்புக் கேட்டால் காரணத்தை விசாரித்துச் சிரிக்காமல் கொடுங்கள். குழந்தையிடம் உண்மையைச் சொல்லுங்கள். உயிரோடிருக்கும் பூனைக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யுங்கள். அழுபவர்களைத் திருத்தப் போனது போதும். திருந்த வேண்டியது, அவர்கள் அழுவதைப் பார்த்து வெட்கப்படச் சொல்லும் நம் வழக்கம்தான்.