இரண்டு திருகாணிகளும் ஏழாண்டுச் சிறையும்

ஆனேக்கல் வட்டத்தில் ராகிக் கதிர் முற்றும் காலத்தில், பன்னேர்கட்டா காட்டை ஒட்டிய நிலங்களில் இரவுக்காவல் இருப்பது பழைய வழக்கம். அவ்வாறு காவல் இருக்கும் உழவருள் சிலரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி உண்டு. யானையைச் சுடுவதற்கு அன்று, வெடியோசையால் விலக்குவதற்கே அது பயன்படுகிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமே பயிர்க்காவலை உரிமத்திற்குரிய காரணமாக ஏற்கிறது. 13ஆம் பிரிவு அதற்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. அது போதாதெனில் இருபது அங்குலத்திற்குக் குறையாத குழலுடைய பிற துப்பாக்கிக்கும் இடம் தருகிறது.

அத்தகைய துப்பாக்கியின் கட்டையில், தோளில் பதியும் ரப்பர் திண்டு வெயிலில் வெடித்து உதிர்கிறது எனக் கொள்வோம். அதைப் பிடித்திருப்பவை இரண்டு திருகாணிகள். ஆலையில் பொருத்திய பழையதைக் கழற்றிப் புதியதை வைக்கத் திருப்புளி ஒன்றே போதும். ஆனால் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் துப்பாக்கி செய்தல், விற்றல், மாற்றியமைத்தல் ஆகியவற்றோடு ஒரே மூச்சில் ‘பழுதுபார்த்தல்’ என்பதையும் விலக்குகிறது. 2ஆம் பிரிவின் வரையறையில் துப்பாக்கியின் பாகங்களும் துப்பாக்கியே. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 5ஆம் பிரிவை மீறிப் பழுதுபார்ப்பதற்குரிய குறைந்த தண்டனை மூன்றாண்டிலிருந்து ஏழாண்டாக உயர்ந்தது; மேல்வரம்பு ஆயுள் சிறை.

ரப்பர் திண்டுக்காக எவரையும் எந்த நீதிமன்றமும் ஏழாண்டு சிறையில் இடாது என்று வாதிடலாம். நடைமுறையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் குடிமகனின் பாதுகாப்பு சட்டத்தின் சொற்களில் இருக்க வேண்டுமேயன்றி, காவல் அதிகாரியின் நல்லெண்ணத்தில் இருக்கலாகாது. உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் நகரத்தில் இருக்கிறார். பயிரோ காட்டோரத்தில் இருக்கிறது.

எதிர்வாதத்தின் வலிமையையும் மறுப்பதற்கில்லை. வீட்டுப் பட்டறையில் தொடங்கும் சிறு பழுது, கள்ளத் துப்பாக்கிக்குத் திரையாகக்கூடும். ஆனால் குழலைக் குறுக்குவதை 6ஆம் பிரிவு தனியே தடுக்கிறது. அச்சத்திற்குரிய பாகங்களைப் பெயர் சொல்லிப் பிரிப்பதும் இயலாத செயலன்று. பிரிட்டன் 2017இல் இயற்றிய சட்டம் குழல், வெடியறை, உடற்சட்டம், வெடியழுத்தத்தைப் பின்புறம் தாங்கும் பூட்டமைப்பு முதலியவற்றையே துப்பாக்கியின் உறுப்புகளாக வரையறுத்தது. தோள் திண்டு அப்பட்டியலில் இல்லை.

இங்கே நாடாளுமன்றம் வரை செல்லவும் தேவையில்லை. 41ஆம் பிரிவின்படி நடுவணரசு பொதுநலன் கருதி அறிவிக்கை வழியே விலக்களிக்கலாம். அப்பிரிவின் துணையால்தான் கர்நாடகத்தின் குடகில், குடகரும் ஜம்மா நிலவுரிமையாளரும் உரிமமின்றியே துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். 2019இல் அவ்விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டது. துப்பாக்கியையே விலக்க இடந்தரும் பிரிவு, தோள் திண்டு, குறிமணி, தோள்வார் வளையம் ஆகிய மூன்றை விலக்க இடந்தராதா? குழலும் பூட்டும் சுடும் ஊசியும் உரிமம் பெற்றவர் கையிலேயே இருக்கட்டும்.

கள்ளத் துப்பாக்கி செய்பவனையும் தேய்ந்த ரப்பரை மாற்றுபவனையும் ஒரே சொல்லால் குறிக்கும் சட்டம், முன்னவனை அஞ்சச் செய்வதில்லை. விதியை மதித்து உரிமம் பெற்றவனை மட்டுமே அஞ்சச் செய்கிறது.