இறக்கிய காருக்கு என்ன சைஸ் டயர்? டீ குடிக்கப் போகுமுன் கொஞ்சம் வாசியுங்கள்



பெருநாள் கிட்டிவிட்டால் நம்ம பகுதியில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். பாலாவிச் சந்தியிலிருந்து நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை தாண்டி கற்பிட்டி வரை ஓடுகிற இறக்கிய கார்களைப் பற்றிய பேச்சு. "காசைக் கொட்டி நல்ல காரை நாசமாக்குறானுகள்" என்று பள்ளிவாசல் திண்ணையில் பெரியவர்கள். "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று கராஜ் வாசலில் பொடியன்மார். இரண்டு பக்கமும் இப்படியே வருஷம் ஓடுகிறது.

இறக்குவது சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருஷத்தில் புதுக்கார் கனவாகப் போன பிறகு, கையில் இருக்கிற பழைய சிவிக்கையோ வெகன் ஆரையோ அழகுபடுத்திப் பார்க்க ஒரு இளைஞன் ஆசைப்பட்டால் அதில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. எங்களுக்குள்ள மனக்குறை வேறு. எந்த ஸ்பிரிங், எந்த ரிம், என்ன கலர் என்று மூன்று மாதம் யோசிக்கிற தம்பி, டயர் கடைக்குப் போனதும் "இந்த ரிம்முக்கு இருக்கிறதப் போடுங்க நானா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறார். வீதியைத் தொடுகிற ஒரே சாமான் அதுதான். ஒவ்வொரு டயரிலும் உள்ளங்கை அளவு இடம்தான் தாரில் படுகிறது.

கார் அவருடையதாக இருக்கலாம். ஆனால் நம்ம ஒழுங்கைகளில் ஒரு கார் ஒரு ஆளுடையது மட்டும் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். நடுச்சாமத்தில் பிள்ளைப்பேற்றுக்கு வலி வந்தால் தட்டுகிற கதவு அவருடைய வீட்டுக் கதவு. விடியற்காலையில் கொழும்புக் கிளினிக்குக்குப் போகிற வாப்பாமாரும் உம்மாமாரும் ஏறுவது அந்தக் காரில்தான். கலியாண வீட்டுக்குப் போகும்போது பின் சீட்டில் எத்தனை பிள்ளைகள் அடங்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்கள் நாம். அமானிதம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். தரம் 9 பிள்ளை செய்யக்கூடிய கணக்கு.

டயரின் பக்கத்தில் 155/65 ஆர்14 என்று எழுதியிருக்கும். 155 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் மில்லிமீற்றர் அல்ல, அகலத்தின் 65 சதவீதம். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அப்படியென்றால் பக்கச் சுவர் 155இல் 65 சதவீதம், அதாவது 100.75. மேலும் கீழும் இரண்டு சுவர், 201.5. ரிம் 14ஐ 25.4ஆல் பெருக்கினால் 355.6. கூட்டினால் டயரின் முழு உயரம் 557 மில்லிமீற்றர். இந்த ஒரு எண்தான் எல்லாவற்றுக்கும் அடி. ரிம் பெரிதாகலாம், சுவர் சிறிதாகலாம், ஆனால் முழு உயரம் கம்பனி தந்த உயரத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ விடக்கூடாது என்பது டயர் தொழிலில் பொதுவாகச் சொல்கிற அளவு. இறக்கிய காருக்கு அதைவிட இறுக்கமாக இருப்பதுதான் புத்தி. ஏன் என்று பாருங்கள்.

155/65 ஆர்14 என்பது நம்ம பகுதியில் கண்ட இடமெல்லாம் ஓடுகிற வெகன் ஆரின் சைஸ். அதே காரின் ஸ்டிங்ரே வகைக்கு சுசுகி கம்பனியே 165/55 ஆர்15 போட்டு அனுப்பியது. கணக்குப் போட்டால் 562.5 வரும், வித்தியாசம் ஒரு சதவீதம். ஒரு இஞ்சி ரிம் கூடியும் உயரம் அசையவில்லை. அதுதான் சரியான மாற்றம். ஆனால் கடையில் அந்த சைஸ் இல்லை, கொரோலாவுக்குப் போடுகிற 175/65 ஆர்14 இருக்கிறது, விலையும் சரி, ரிம்மும் அதே 14தானே என்று ஏற்றிவிடுகிறார்கள். அதன் உயரம் 583. கிட்டத்தட்ட 5 சதவீதம் கூட. நடுவிலிருந்து அளந்தால் 13 மில்லிமீற்றர் மேலே, அகலத்தில் பக்கத்துக்குப் பத்து மில்லிமீற்றர் வெளியே. இறக்காத காரில் எப்படியோ அடங்கிப் போகலாம். ஸ்பிரிங்கை மாற்றி 40 மில்லிமீற்றர் இறக்கிய காரில் டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் இருந்த இடம் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம் இருந்ததில் இந்த 13ஐயும் தின்றால், வளைவில் மட்காட்டின் விளிம்பு டயரின் தோளைக் கத்தி மாதிரிச் சீவும். மீற்றரும் பொய் சொல்லத் தொடங்கும். முள் முன்பு 70இல் நின்ற அதே இடத்தில் நிற்க, கார் 73 ஓடும்.

"அப்ப சின்ன டயர் போடுறேன், உரசாது" என்பது அடுத்த பதில். உரசாதுதான். ஆனால் டயர் சிறிதானால் அச்சும் கீழே வரும், அதோடு சேர்ந்து எஞ்சினின் ஒயில் சம்ப்பும் கீழே வரும். சிவிக் பொடியன்மாரின் கதை இதுதான். 185/65 ஆர்14 வந்த சிவிக்குக்கு 195/50 ஆர்15 போடுவது ஒரு பெரிய நாகரிகம். முதலாவதின் உயரம் 596, இரண்டாவதின் உயரம் 576. கார் இன்னும் பத்து மில்லிமீற்றர் நிலத்தை நெருங்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டயர் சிறுத்ததும் மட்காட்டுக்கும் டயருக்கும் இடையில் வெற்றிடம் கூடித் தெரியும். "இன்னும் இறங்கல்ல" என்று தம்பி மறுபடி ஸ்பிரிங்கில் கை வைப்பார்.

அதே சிவிக்குக்கு 195/55 ஆர்15 போட்டால் 595.5. அரை மில்லிமீற்றர்தான் வித்தியாசம். நம்ம பிள்ளைகள் ஃபோனில் படம் வைத்திருக்கிற சிவிக் டைப் ஆர், ஹொண்டா 1997இல் வெளியிட்ட முதலாவது சிவிக் டைப் ஆர், கம்பனியிலிருந்து எந்த டயரோடு வந்தது தெரியுமா? 195/55 ஆர்15. பந்தயத்துக்கென்று பதிவாகவே செய்த கார் 55இல் ஓடியது. நமக்கு மட்டும் ஏன் 50?

இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். சைஸுக்குப் பக்கத்தில் 86 ஹெச், 82 வி என்று சின்னதாக இருக்கும். அந்த எண், ஒரு டயர் எத்தனை கிலோ சுமக்கும் என்பதன் குறியீடு. 86 என்றால் 530 கிலோ. 82 என்றால் 475. மேலே சொன்ன 50 சுவர் டயரில் 82தான் வழக்கமாக வரும். டயருக்கு 55 கிலோ, நாலுக்கும் சேர்த்து 220 கிலோ தாங்கும் சக்தி குறைந்து போகிறது. பக்கத்தில் இருக்கிற எழுத்து வேகத்துக்கானது, நம்ம வீதியில் அதைப் பற்றி யோசிக்கத் தேவையே இல்லை. ஆனால் பொடியன்மார் பெருமையாகப் பேசுவது அந்த எழுத்தைப் பற்றித்தான், சுமை எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வெகன் ஆருக்கு 16 அங்குல ரிம் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 165/45 ஆர்16இன் உயரம் 555, கணக்கில் அழகாகப் பொருந்துகிறது. சுமை எண் 74, பழையதின் 75க்குப் பக்கம். ஆனால் அதில் எக்ஸ்.எல் என்று போட்டிருக்கும். கூடுதல் காற்றில்தான் அந்தச் சுமையைத் தாங்கும் என்று அர்த்தம். வழக்கம்போல 30 பீ.எஸ்.ஐ அடித்துவிட்டு குடும்பத்தை ஏற்றினால், பழைய டயர் சுமந்ததை இது சுமக்காது. ஜப்பானில் நாலு பேருக்கென்று செய்த கார் அது. நாம் எத்தனை பேர் ஏறுகிறோம் என்று எழுதி வெட்கப்பட விரும்பவில்லை.

பக்கச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்ம வீதி கொழும்பு வீதி அல்ல. கற்பிட்டி வீதியில் எதிரே மரக்கறி லொறி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இடது பக்கச் சில்லு இரண்டையும் மணலில் இறக்கி வழி விடுகிறோம். லொறி போனதும் தாரின் விளிம்பில் ஏறுகிறோம். அந்த விளிம்பு சில இடங்களில் நாலு விரல் உயரம். சுவர் 100 மில்லிமீற்றர் இருந்த டயர் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். 74 மில்லிமீற்றர் சுவர் ரிம்முக்கும் தாருக்கும் இடையில் நசுங்கும். நசுங்கினால் உள்ளே நூல் அறுந்து, ஒரு கிழமையில் பக்கத்தில் வயிறு தள்ளும். அப்படி வீங்கின டயருக்கு ஒட்டு இல்லை, மருந்து இல்லை, கழற்றி எறிய வேண்டியதுதான். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்று அதை முன்னிருந்து கழற்றிப் பின்னால் போடுகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். பின்னால் உட்காருவது யாருடைய பிள்ளை?

எங்கள் அபிப்பிராயத்தில், இறக்கிய கார் என்றால் இந்த மண்ணில் கம்பனி ரிம்மை விட ஒரு இஞ்சிதான் கூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். காரை இறக்கினால் ஸ்பிரிங் ஓடுகிற தூரம் குறைகிறது, அடியை வாங்குகிற வேலையில் பாதி டயரின் சுவருக்கு வந்து சேருகிறது. அந்த நேரம் பார்த்து சுவரையும் குறைப்பது என்ன நியாயம்?

அகலமான ரிம்மில் ஒடுங்கிய டயரை இழுத்துப் பூட்டுகிற பழக்கம் வேறு வந்திருக்கிறது. 195/50 ஆர்15 டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் ஐந்தரை அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரை. அதை எட்டு அங்குல ரிம்மில் இழுத்தால் டயரின் உதடு ரிம்மை விட்டு நழுவ ஒரு குழி போதும். இதைப் பற்றி மேலே பேச எதுவும் இல்லை, செய்யாதீர்கள்.

டயர் போட்ட பிறகு கடை வாசலில் தனியாக ஒரு வட்டம் ஓட்டிவிட்டு "உரசல்ல" என்று சொல்வது சோதனை அல்ல. வெண்கட்டி ஒன்றை எடுத்து நாலு டயரின் தோளிலும் தேயுங்கள். கூட்டாளிமார் ஐந்து பேரை ஏற்றுங்கள், பின் சீட்டில் பாரமானவர்கள் மூன்று பேர். ஸ்டியரிங்கை முழுதாக ஒரு பக்கம் ஒடித்து, ஒரு வேகத்தடையில் மெல்ல ஏறி இறங்குங்கள். மறு பக்கமும் ஒடித்துச் செய்யுங்கள். பிறகு மட்காட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை பட்டிருந்தால் அந்த சைஸ் உங்கள் காருக்கு இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது, பத்து ரூபா வெண்கட்டியும் அந்தக் கயிறுதான்.

இறக்கிய காரில் சில்லு சாய்ந்து நிற்பதால் டயரின் உள்பக்கம் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால்தான் கம்பி குத்தும். எலைன்மன்ட் செய்யாமல் இறக்கிய காருக்கு நாலு புது டயர் வாங்குவது காசை உப்பளத்தில் கரைப்பதற்குச் சமம். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியவர்கள் வெட்டின முனையையும் பாருங்கள். கடற்காற்று நம்ம ஊரில் இரும்பைச் சும்மா விடுவதில்லை.

பாவித்த டயர் வாங்குகிறவர்கள் டி.ஓ.டி என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்த டயர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் றப்பருக்கு வயது உண்டு. பத்து வருஷம் கடந்தது எந்த விலைக்கும் வேண்டாம்.

திண்ணையில் இருக்கிற பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். மகன் காரை இறக்கிவிட்டான் என்று வீட்டில் பேசாமல் இருக்காதீர்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் கம்பனி டயர் சைஸும் காற்றும் எழுதின ஸ்டிக்கர் இருக்கும். அதையும் சில்லில் இருக்கிற எண்ணையும் ஒரு தாளில் எழுதி, "இந்த இரண்டுக்கும் உயரம் எவ்வளவு மகன்?" என்று கேளுங்கள். நாலு ஏச்சு ஏசினாலும் அசையாதவன் இந்தக் கேள்விக்குக் கல்குலேட்டரை எடுப்பான். எங்கள் வகுப்பில் சதவீதம் என்றாலே தூங்குகிற பையன்கள் வெகன் ஆரின் டயரைக் கரும்பலகையில் எழுதினதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவன் அன்று பின்னேரமே சாச்சாவின் காரை அளந்துவிட்டு வந்து, 583 வருகிறது சேர் என்றான்.

டயர் கடை வைத்திருக்கிற சகோதரர்களே, உங்கள் பில்லில் "டயர் 4" என்று மட்டும் எழுதாமல் சைஸ், சுமை எண், செய்த கிழமை மூன்றையும் எழுதுங்கள். ஒரு நிமிஷ வேலை. பொருந்தாத சைஸைக் கேட்டு வருகிற தம்பியிடம் "இது உன் காருக்கு வேண்டாம்" என்று சொல்லி ஒரு வியாபாரத்தை விட்டால், நாளைக்கு அவனுடைய வாப்பாவின் லொறியும் உங்கள் கடைக்குத்தான் வரும். ஐப்பசி மழை தொடங்குமுன் டயர் மாற்ற நிறையப் பேர் வருவார்கள். அதற்கு முன் இதைத் தொடங்கிவிடுங்கள்.